வாயில் புகை வரும் ஊர்

ஜனவரி 6, திங்கள்

காலை 98.8. மதியம் 98.6. சாயங்காலம் 98.4.

குழலியின் காய்ச்சலை எழுதி வைக்க ஆஸ்பத்திரியில் கொடுத்த நோட்டு இது. காய்ச்சல் இல்லாத நாளில் பக்கம் காலியாகக் கிடக்கிறது, அதில் நான் எழுதுகிறேன். யார் மேலாவது எரிந்து விழுவதற்கு இது மேல் என்று என் வீட்டுக்காரரே சொல்லிவிட்டார்.

இன்றைக்கு ரத்தக் கவுண்ட் நன்றாக வந்திருக்கிறது. ரத்தப் புற்றுநோய் என்று சொல்லி இரண்டு வருஷம் ஆகிறது, டாக்டரம்மா பல் தெரியச் சிரித்தது இன்றைக்குத்தான். "இந்த வாரம் நல்லா இருக்கா. எங்கயாவது கூட்டிட்டுப் போகணும்னா உடனே போயிட்டு வந்துடுங்க. அடுத்த வாரம் எப்படி இருக்கும்னு நான் சொல்ல முடியாது" என்றார்.

ஆஸ்பத்திரியில் எஸ்தர் என்று ஒரு பெண் இருக்கிறாள். நோயாளிக் குழந்தைகளின் ஆசையைக் கேட்டு நிறைவேற்றித் தருகிற அமைப்பு அவளுடையது. மற்ற பிள்ளைகள் நடிகரைப் பார்க்கணும், விமானத்தில் போகணும் என்றார்களாம். என் பெண் கேட்டது: "வாயில புகை வர்ற ஊருக்குப் போவணும் ஆன்ட்டி." எஸ்தர் முழித்தாள். போனில் எவளோ ஒரு சின்னப் பெண் மலைக்குளிரில் நின்று வாயால் புகை ஊதுவதைக் குழலி பார்த்திருக்கிறது. பத்து வயசுக்கு அதுதான் அதிசயம். ஊட்டி என்று முடிவானது. சனிக்கிழமை காலை கார் வரும்.

ஜனவரி 7, செவ்வாய்

பட்டு நெய்கிற இந்த ஊரில் ஒரு கல்யாணத்துக்கு ஆயிரம் புடவை பிரித்துப் போடுவான். ஒரு ஸ்வெட்டர் கேட்டால் நம்மை ஏற இறங்கப் பார்க்கிறான். காந்தி ரோட்டில் அலைந்து கடைசியில் பஸ் ஸ்டாண்டு பக்கம் கிடைத்தது. அவருக்கு ஒரு குரங்குக் குல்லா. வீட்டுக்கு வந்து போட்டுப் பார்த்தார். "அப்பா, நீ ஏடிஎம் திருடன் மாதிரி இருக்கப்பா" என்று குழலி சிரித்ததில் இருமலே வந்துவிட்டது. என் கை தானாகத் தெர்மாமீட்டரைத் தேடியது.

பெரியவள் மஹாலட்சுமி, பதினாலு வயசு, ஓரமாக நின்று, "எனக்கும் உண்டா, இல்ல அவளுக்கு மட்டுந்தானா?" என்றாள். சுள்ளென்று ஏதோ சொல்லிவிட்டேன். அவளுக்கும் வாங்கித்தான் வைத்திருந்தேன். அதை முதலில் சொல்லியிருக்கலாம்.

ஜனவரி 9, வியாழன்

தினசரி காலண்டரைப் புரட்டினேன். சனி, ஞாயிறு இரண்டு நாளும் சுவாதிக்குச் சந்திராஷ்டமம். குழலி சுவாதி. அந்த நட்சத்திரத்துக்கு ஆகாத நாளில் வாசல் தாண்டுவதா?

இதையெல்லாம் நம்புகிறவளா நான்? என் அம்மா காலண்டர் பார்த்தால் கேலி செய்தவள். இந்த இரண்டு வருஷத்தில் எந்தக் கயிற்றைக் கட்டவில்லை, எந்த எலுமிச்சம்பழத்தை நசுக்கவில்லை?

அவரிடம் சொன்னேன். "டாக்டரு உடனே போன்னு சொல்றாங்க. நீ இன்னாத்துக்கு காலண்டர பாத்துக்கினு கீற?" என்றார். "ஏதாவது ஒண்ணு ஆச்சுன்னா நீங்க பதில் சொல்லுவீங்களா?" என்றேன். இந்த வீட்டில் அந்த ஒரு கேள்வியைக் கேட்டால் யார் வாயையும் அடைத்துவிடலாம்.

எஸ்தருக்குப் போன் செய்தேன். "திங்கட்கிழமைக்கு மாத்தித் தரேன்கா. ஆனா டாக்டர் சொன்னது..." என்று இழுத்தாள். ரெண்டு நாள்தானேம்மா என்றேன்.

ஜனவரி 11, சனி

98.6. இந்த வெயிலில் ஸ்வெட்டரைப் போட்டுக்கொண்டு கட்டிலில் உட்கார்ந்திருக்கிறது. பழகிக்கிறதாம்.

ஜனவரி 12, ஞாயிறு

98.8. பை எல்லாம் கட்டியாகிவிட்டது. மருந்துக்கு ஒரு பை, துணிக்கு ஒரு பை. இன்றோடு ஆகாத நாள் முடிகிறது.

ஜனவரி 13, திங்கள்

காலை 102.4.

ஸ்வெட்டர் சூடாக இருக்கும் என்று கழற்றிவிட்டு மறுபடி வைத்தேன். 102.6.

கார் வாசலில் வந்து நின்றது. டிரைவர் சத்யராஜ் கண்ணாடியெல்லாம் துடைத்துப் பளபளவென்று வைத்திருந்தான். ஊட்டிக்கு வந்த காரில் சென்னை ஆஸ்பத்திரிக்குப் போனோம். ஸ்ரீபெரும்புதூர் தாண்டும்போது என் மடியிலிருந்து தலையைத் தூக்கி, "அம்மா, இது எப்பவும் போற ரோடாச்சே" என்றது. சத்யராஜ்தான், "இப்டி போயும் போலாம் பாப்பா" என்றான்.

நான்தான். நான்தான் கெடுத்தேன். சனிக்கிழமை போயிருந்தா இந்நேரம் கொழந்த மலையில நின்னு ஊதிக்கினு இருந்திருக்கும். ரெண்டு நாளு. பாழாப்போன ரெண்டே ரெண்டு நாளு.

ஜனவரி 15, புதன்

ஐசியூ. காலை பத்து நிமிஷம், மாலை பத்து நிமிஷம்தான் பார்க்க விடுகிறார்கள். பொங்கல் நேற்றே போய்விட்டதாம்.

ஜனவரி 16, வியாழன்

103.

ஜனவரி 19, ஞாயிறு

"நான் அப்பவே சொன்னேன்" என்று அவர் ஒரு தடவை சொல்லிவிட்டால் எனக்கு நிம்மதியாக இருக்கும். சொல்ல மாட்டேன் என்கிறார். காபி வாங்கிக்கொண்டு வந்து பக்கத்தில் வைக்கிறார், ஆறிப்போனால் எடுத்துப் போய் வேறு வாங்கிவருகிறார். இன்றைக்குப் பொறுக்க முடியாமல், "சொல்லித் தொலைங்களேன்! காலண்டர கட்டிக்கினு அழுன்னு சொல்லுங்களேன்!" என்று வராந்தாவிலேயே கத்தினேன். எல்லாரும் திரும்பிப் பார்த்தார்கள். அவர் டம்ளரைக் கீழே வைத்துவிட்டு, "எனக்கும் பயமாத்தான் இருந்துச்சு காயத்ரி. நாள் பாத்துட்டே போலாம்னு நானும் நெனச்சேன்" என்றார்.

இந்த மனுஷனை என்ன செய்வது?

ஜனவரி 25, சனி

99.4. நேற்று வார்டுக்கு மாற்றினார்கள். இன்று டாக்டரம்மா எங்கள் இரண்டு பேரையும் தனி அறைக்குக் கூப்பிட்டார். கிருமியை அடக்கியாகிவிட்டது. ஆனால் எலும்புக்குள் அந்த நோய் திரும்ப வந்துவிட்டது. முன்னைவிட அதிகமாக.

நாற்காலியின் கையைப் பிடித்துக்கொண்டு நான் கேட்க வேண்டியதைக் கேட்டேன். சனிக்கிழமையே போயிருந்தால்?

"கிருமி அப்பவே ரத்தத்துல இருந்திருக்கும். காய்ச்சல் ஊட்டில வந்திருக்கும், அவ்வளவுதான். இங்க வந்து சேர்றதுக்குள்ள என்ன ஆகியிருக்கும்னு என்னால சொல்ல முடியல. நீங்க போகாததே நல்லதாப் போச்சும்மா."

பன்னிரண்டு நாளாக என்னை நானே செருப்பால் அடித்துக்கொண்டிருந்தேன். இப்போது அதுவும் இல்லை. அப்படியானால் காலண்டர் சொன்னது சரியா? காப்பாற்றத்தான் தடுத்தது என்றால் எதற்குக் காப்பாற்றியது, இதைக் கேட்கவா? யாரைத் திட்டுவது என்றுகூடத் தெரியவில்லை எனக்கு.

ஜனவரி 27, திங்கள்

வீட்டுக்குப் போகலாம் என்றார்கள்.

பழம் வேண்டாம், பூ வேண்டாம், கடைத் தின்பண்டம் வேண்டாம், கோயில் கூட்டம் வேண்டாம், பக்கத்து வீட்டுப் பிள்ளைகள் வேண்டாம், தறித் தூசு வேண்டாம். இரண்டு வருஷமாக என் வாயில் வேறு வார்த்தையே கிடையாது. டாக்டரம்மா எல்லாவற்றையும் ஒரே நிமிஷத்தில் எடுத்துவிட்டார். "என்ன கேட்டாலும் குடுங்க. யாரு வந்தாலும் பார்க்கட்டும். எங்க வேணும்னாலும் போகலாம், ஊட்டி மட்டும் வேண்டாம், அந்த உயரம் மூச்சு வாங்கும். ஏலகிரி போங்க. ரத்தம் ஏத்தி அனுப்பறேன்."

சந்தோஷமாகக் கதவு வரை வந்துவிட்டேன். கைப்பிடியைத் தொட்ட பிறகுதான் புரிந்தது.

குழலிக்குத் தெரியக் கூடாது. இது நானும் அவரும் லிஃப்டில் இறங்கும்போது பேசி முடித்தது. அது பயந்துகொண்டே இருக்கக் கூடாது. அது ஒன்றாவது என் கையில் இருக்கட்டும்.

ஜனவரி 29, புதன்

காலை 99. மதியம் 99.2.

எங்கள் தறி கூடத்தில்தான் இருக்கிறது. பட்டுத் தூசு ஆகாது என்று இரண்டு வருஷமாகப் போர்த்தி வைத்திருந்தோம். அவர் அடுத்த தெருவில் கலியாணசுந்தரம் அண்ணன் வீட்டுத் தறியில்தான் நெய்துகொண்டிருந்தார். இனி ஒரு நிமிஷம்கூடக் குழந்தையை விட்டு வெளியே போக மாட்டேன் என்று இன்றைக்குப் போர்வையை எடுத்துவிட்டார்.

குழலி கட்டிலிலிருந்து பார்த்துக்கொண்டே இருந்தது. "தூசி வராதாம்மா?" என்றது. கொஞ்சம் வந்தால் ஒன்றும் ஆகாது என்றேன். மல்லிகைப்பூ கேட்டது, தலையில்தான் முடி இல்லையே, போட்டிருக்கிற குல்லாவில் ஊசி குத்தி வைத்துவிட்டேன். எதிர் வீட்டுப் பிள்ளைகள் வந்து கட்டிலில் ஏறிக் கும்மாளம் போட்டார்கள், சிரித்துக்கொண்டு நின்றேன். ஒவ்வொன்றுக்கும் அது என் முகத்தைத் திரும்பித் திரும்பிப் பார்க்கிறது. என்னடி பார்க்கிறாய்? முகத்தில் ஒன்றும் இல்லையே. இருக்கிறதா?

பிப்ரவரி 1, சனி

ஏலகிரி வந்து சேர்ந்தோம். அதே சத்யராஜ்தான். மலை வளைவு ஒவ்வொன்றிலும் வாந்தி. மேலே வந்தால் குளிர் இருக்கிறது, ஆனால் புகை வருகிற குளிர் இல்லை. நான் பால்கனியில் தனியாக நின்று ஊதிப் பார்த்தேன். ம்ஹூம்.

பிப்ரவரி 2, ஞாயிறு

இன்றைக்கு நடந்ததை முழுவதும் எழுதிவிடுகிறேன்.

ஆறு மணிக்குப் போர்வையில் சுற்றி வெளியே தூக்கி வந்தேன். ஊது என்றேன். ஊதியது. ஒன்றும் வரவில்லை. இன்னும் பலமா ஊது. மூச்சு வாங்கியதுதான் மிச்சம். எனக்கு வெறி பிடித்துவிட்டது. பிளாஸ்கில் வெந்நீர் இருந்தது, வாய் சூடாக இருந்தால் புகை வரும் என்று ஊற்றிக் குடிடி, குடி என்று வாயில் வைத்துவிட்டேன். மருந்தால் வாயெல்லாம் புண் என்று தெரிந்த நானே. அலறியது பாருங்கள், அந்த அலறல்—

அவர் பிளாஸ்கைப் பிடுங்கினார். "பைத்தியமா புடிச்சிருக்குது உனக்கு!" இருபது வருஷத்தில் அவர் குரல் உயர்ந்து நான் கேட்டதில்லை. மஹா அழுதாள். அழுகை ஓய்ந்தபின், மீதி வெந்நீரை அவர் குடித்துவிட்டு ஊதினார். மெலிசாக ஒரு புகை வந்தது. மஹாவும் ஊதினாள், அவளுக்கும் கொஞ்சம் வந்தது. "அப்பாவுக்கு வந்துடுச்சு! அக்காவுக்கும் வந்துடுச்சு!" என்று குழலி உதட்டைப் பிடித்துக்கொண்டே சிரித்தது. "எனக்கு அப்புறமா வரட்டும், இப்ப எரியுது" என்றது. காலில் விழுந்து மன்னிப்புக் கேட்கலாம் போல இருந்தது எனக்கு.

பத்து மணிக்கு வெயில் ஏறியதும் ஏரிப் பக்கம் போய் உட்கார்ந்தோம். ஐஸ் வண்டி வந்தது. "குச்சி ஐஸ் வாங்கித் தர்றியாம்மா? வாயி எரியுது." வாங்கிக்கோ என்றேன். இரண்டு வருஷத்துக்கு அப்புறம் முதல் ஐஸ். நாலு பேரும் அந்தக் குளிர்காற்றில் உட்கார்ந்து சப்பினோம். அது நாக்கைப் புண்ணின் மேல் தடவித் தடவி, கண்ணை மூடிக்கொண்டு தின்றது. குச்சியை நக்கி முடித்துவிட்டு, சாதாரணமாகத்தான் கேட்டது.

"ஏம்மா இப்பல்லாம் நீ எதுக்குமே வேணான்னு சொல்ல மாட்டேங்குற?"

அவர் ஏரியைப் பார்த்தார். மஹாவின் ஐஸ் கையில் வழிந்தது. நான் காதில் விழாத மாதிரி முந்தானையைச் சரி செய்தேன்.

"இன்னொண்ணு வாங்கிக்கவா?"

வண்டியைப் பார்த்துக் கேட்கவில்லை. என் முகத்தைப் பார்த்துக் கேட்டது. குல்லாவுக்குக் கீழே அந்த இரண்டு கண்ணும் என்னை விட்டு அசையவில்லை. அது ஐஸைக் கேட்கவில்லை என்று எனக்குத் தெரிந்துவிட்டது.

"உதை விழும்!" என்றேன். எங்கிருந்து அந்தக் குரல் வந்ததோ. "ஒண்ணு குடுத்தா போதாதா? சளி புடிச்சி மறுபடியும் ஊசி போட்டுக்கினு உக்காரணுமா? ஜூன் மாசம் ஸ்கூலு போவணும், ஞாபகம் இருக்குதா இல்லியா?"

வண்டிக்காரர், "கொழந்த ஆசையா கேக்குது, குடுங்களேம்மா" என்றார். அவரையும் முறைத்தேன்.

"போம்மா. எப்பப் பாரு வேணாம் வேணாம்" என்று மூஞ்சியைத் தூக்கி வைத்துக்கொண்டது. அந்த மூஞ்சியில் அப்படி ஒரு நிம்மதி. என் மடியில் தலையை வைத்தது, ஐந்து நிமிஷத்தில் தூங்கிவிட்டது. முனகல் இல்லாமல் தூங்கியது. நாங்கள் யாரும் அசையாமல் மதியம் வரை அப்படியே உட்கார்ந்திருந்தோம்.

பிப்ரவரி 4, செவ்வாய்

99.6. எதிர் வீட்டுப் பிள்ளையிடம் சொல்கிறது: "எங்கம்மா ஒரே ஒரு ஐஸ்தான் குடுத்துச்சு. நான் நல்லாயிட்டு ரெண்டா துன்னுவேன்." உள்ளே போய் மிக்ஸியைப் போட்டுவிட்டு அழுதேன்.

பிப்ரவரி 8, சனி

101.2. வலி மருந்து நாலு மணிக்கு ஒரு தடவை. தறிச் சத்தம் நின்றால் கண்ணைத் திறந்து பார்க்கிறது. அவர் நெய்துகொண்டே இருக்கிறார்.

பிப்ரவரி 10, திங்கள்

காலை 103. மதியம்

பிப்ரவரி 27, வியாழன்

பதினாறு நாளாக இந்த நோட்டில் எழுத ஒன்றும் இல்லை.

எஸ்தர் வந்திருந்தாள். பேச வந்தவள் பேசாமல் மஹாவின் தலையைப் பின்னிவிட்டுப் போனாள்.

சாப்பிடும்போது அவர் சொன்னார்: "அன்னிக்கி ஏரியாண்ட நீ திட்டுனியே, அதுக்கப்புறந்தான் அது பயமில்லாம இருந்துச்சு. கடைசி வரிக்கும் நல்லாயிடுவோம்னே நெனச்சுக்கினு இருந்துச்சு. நீ செஞ்சது சரி காயத்ரி."

சரிதான். எனக்கும் தெரியும். தெரிந்துதான் சொன்னேன். மறுபடி அந்த ஏரிக்கரையில் கொண்டுபோய் உட்கார வைத்தாலும் அதையேதான் சொல்லுவேன்.

ஆனாலும் ஒரு குச்சி ஐஸுங்க. கொழந்த வாயத் தொறந்து கேட்டுச்சு. குடுத்திருக்கலாம்.