கண்டத்துச் சாமான்

மச்சான்,

ஆவடியில் நம் பாய் கடையில் இன்று காலை தார்ப்பாயை விலக்கினார்கள். மழையில் நனைந்த கித்தான் பைகளின் வாடையும் பழைய கிரீஸ் வாடையும் குப்பென்று வந்தன. மற்றவர்கள் மூக்கைப் பொத்திக்கொண்டு நகர்ந்தார்கள். நான் மட்டும் மடையன் மாதிரி நின்று மூச்சை இழுத்தேன். உன் வீட்டு முன்னறையின் வாடை அது.

பட்டாளத்தில் வேண்டாம் என்று கழித்துவிட்ட சாமானுக்கு இங்கே 'கண்டம்' என்று பெயர். நசுங்கிய தண்ணீர் பாட்டில், முள் அசையாத திசைகாட்டி, காற்று ஏறாத ஸ்டவ், எல்லாம் கண்டம். ஞாயிற்றுக்கிழமை ஆனால் நாம் இருவரும் அந்தக் குவியலில்தான் கிடப்போம். வாரமெல்லாம் அம்பத்தூரில் லேத் ஓட்டிய அலுப்பு உனக்கு அங்கேதான் தீரும். உனக்குத் தண்ணீரில் கண்டம் என்று ஒரு ஜோசியர் சொன்னாராம். "தண்ணில இல்ல மாமே, எனுக்கு இந்தக் கண்டத்துலதான் கண்டம். எம் பொண்டாட்டி ஒரு நாளு என்னியும் சேத்து வெளிய கடாசப் போறா" என்பாய்.

வாங்கியதை அலமாரியில் வைத்து அழகு பார்க்க உனக்குத் தெரியாது. ஸ்டவ் எரிய வேண்டும், முள் வடக்கைக் காட்ட வேண்டும். அதுவரை உனக்குச் சோறு இறங்காது. எதையும் நீ அரைகுறையாக விட்டு நான் பார்த்ததே இல்லை.

அதனால்தான் எனக்கு அந்தப் புத்தி வந்தது. ஆஸ்பத்திரியில் கையை விரித்து உன்னை வீட்டுக்கு அனுப்பினார்கள். "என்னியும் கண்டம் பண்ட்டாங்க மாமே" என்று சிரித்தாய். நான் தெருவுக்கு வந்து அழுதேன். அன்றிலிருந்து உடைந்த சாமானாகப் பார்த்து வாங்கி உன் கட்டிலில் கொண்டுவந்து கொட்டினேன். கையில் ஒரு வேலை பாக்கி இருந்தால் நீ போகமாட்டாய் என்று நம்பினேன். ஆபீசில் உட்கார்ந்து கணக்கு எழுதுகிறவன்தான், ஆனாலும் நம்பினேன். ஸ்டவ்வை எரிய வைத்த வாரம் நீ எழுந்து உட்கார்ந்து இரண்டு இட்லி சாப்பிட்டாய். எனக்குத் தலைகால் புரியவில்லை.

கடைசியாக ஒரு பட்டாளத்து டெலிபோன் பெட்டி கொண்டுவந்தேன். நீ மூடியைத் திறக்கவே வெகுநேரம் ஆனது. உள்ளே ஒன்றும் இல்லை, வெறும் கூடு. தெரிந்தேதான் வாங்கினேன். அந்த வேலையை உன்னால் முடிக்கவே முடியாது என்பதுதான் என் எண்ணம்.

நீ கோபப்படவில்லை. மூடியைச் சாத்திவிட்டு என் மணிக்கட்டைப் பிடித்துக்கொண்டாய்.

"நீ இன்னா பண்றன்னு எனுக்குத் தெரியும் மாமே. ஒடம்பு ரொம்ப வலிக்குது. இனிமே ஒண்ணியும் எட்த்துகினு வராத. சும்மா வா."

அடுத்த ஞாயிறு சும்மா வந்தேன். என் இரண்டு கைகளையும் பார்த்துவிட்டுத் தலையசைத்தாய். பழைய கதை பேசிக்கொண்டிருக்கும்போதே தூங்கிப்போனாய். அந்த வாரமே போய்விட்டாய்.

இன்று ஒரு டார்ச் லைட்டை எடுத்தேன். எரியவில்லை.

"அது கண்டம் சார். நல்லதா ஒண்ணு கீது, தரவா?" என்றார் பாய்.

"இதையே குடுங்க பாய்."

"யாரு சார் ரிப்பேர் பண்ணுவா? அவுருதான் இல்லியே."

வீட்டில் இப்படியே ஒரு மூட்டை சேர்ந்துவிட்டது மச்சான். எனக்கு ஒரு திருகாணியைக்கூட ஒழுங்காகக் கழற்றத் தெரியாது. பக்கத்திலேயேதான் இத்தனை வருஷமும் உட்கார்ந்திருந்தேன். நீ இருக்கிறாயே என்று கற்றுக்கொள்ளாமல் விட்டுவிட்டேன்.