பெட்டி சாகவில்லை

கோமதியோட அப்பாவுக்கு,

உளுந்தஞ்சோறு பானையில் இருக்கிறது, எள்ளுத் துவையல் உறியில்.

நாலு நாள் சாரலில் சோலார் விளக்கு அணைந்ததும், "ஒன் கன்ட்ரோலர் பொட்டி செத்துப்போச்சுட்டி, கழத்தி எறி"ன்னு குதித்தீர்களே! அது சாகவில்லை. பேட்டரி அடியோடு வற்றிக் கெட்டுப்போகாமல் இருக்க, அதுதான் விளக்கை நிறுத்தி வைத்திருந்தது. இன்று வெயில் அடித்ததும் பெட்டியில் பச்சை எரிந்தது. சுவிட்சைப் போட்டு நீங்களே பாருங்கள்.

உங்கள் பேச்சைக் கேட்டுப் பெட்டியே வாங்காத பரமசிவன் அண்ணாச்சி வீட்டு பேட்டரிதான் செத்தது. சாயங்காலம் நம் பெட்டியைப் பார்க்க வருகிறார். காப்பி போட்டுக் கொடுங்கள்.

அடுக்களைக்கும் ஒரு விளக்கு வாங்கச் சுரண்டைக்குப் போகிறேன்.

மறந்துவிட்டேன்: பெட்டியை மாட்டியது யார் என்று அண்ணாச்சி கேட்டால், "வீட்டுல"ன்னு சொல்லி நழுவக் கூடாது. குழல்வாய்மொழி என்று என் பேரைச் சொல்லணும்.