வலது பெருவிரலும் வேளாங்கண்ணிச் சாலையும்

ஆகஸ்ட் 11, திங்கள்

மூட்டம். மழை வரவில்லை. காலையில் என் சைக்கிள், நண்பர் தாஸின் சைக்கிள், இரண்டின் செயினுக்கும் எண்ணெய். பிரேக் கட்டை மாற்றினேன். வலது கால் பெருவிரலின் வெளி ஓரம் மறுபடி சிவந்திருக்கிறது. நகம் சதைக்குள் இறங்குகிறது. இந்த வருஷத்தில் மூன்றாவது முறை. தொட்டால் வலி. தொடாதபோது தொட வேண்டும்போல் இருக்கிறது.

25ஆம் தேதி விடியலில் கிளம்புவதாகத் தாஸுடன் பேச்சு. இங்கே தாம்பரத்திலிருந்து வேளாங்கண்ணி வரை, சைக்கிளில். அவருக்கு மாதா. எனக்குச் சாலை. போன வருஷமும் இதே விரல்தான். மரக்காணம் வரை போய், சீழ் வைத்து, காய்ச்சலோடு திரும்பினேன். தாஸும் கூடவே திரும்பினார். சைக்கிள்களை ஒரு மினி லாரியில் ஏற்றிவிட்டு வழி நெடுகப் பாடிக்கொண்டு வந்தார். ஒரு குறையும் சொல்லவில்லை. சொல்லியிருக்கலாம்.

டிசம்பரில் அவரும் மனைவி பிலோமினாவும் ராஜகீழ்ப்பாக்கம் வீட்டைக் காலி செய்துவிட்டு மகளிடம் போகிறார்கள், தூத்துக்குடிக்கு. ஆக அவருக்கு இங்கிருந்து இதுதான் கடைசிப் பயணம்.

எடுத்துக்கொள்ள: டியூப், பஞ்சர் ஒட்டு, பம்பு, பஞ்சு, டெட்டால், நகவெட்டி (வளைந்தது).

ஆகஸ்ட் 13, புதன்

வெயில். வெள்ளோட்டம். கிளம்பும்முன் என் மனைவி சுகிர்தா ஒரு எலுமிச்சம்பழத்தில் ஓட்டை போட்டு விரலில் செருகிவிட்டாள். நகச்சுற்றுக்கு அவள் வீட்டில் அப்படித்தானாம். இது நகச்சுற்று இல்லை, நகம் உள்ளே குத்துவது என்றேன். "சுத்தினா என்ன, குத்தினா என்ன? காட்டுங்க காலை." ஷூ போட முடியவில்லை. செருப்போடு மிதித்தேன்.

வண்டலூர், கேளம்பாக்கம், கோவளம். கேளம்பாக்கம் தாண்டியதும் காயல். தண்ணீரும் வானமும் ஒரே நிறம். கொஞ்ச நேரம் நான் மிதிப்பதாகவே தெரியவில்லை. சாலை தானாகப் பின்னால் போய்க்கொண்டிருந்தது. முன்னால் தாஸின் வெள்ளைச் சட்டை காற்றில் உப்பி ஒரு சின்னப் பாய்மரம். வலி இருந்தது, ஆனால் நாலு வீடு தள்ளி அழுகிற குழந்தை மாதிரி. இதற்காகத்தான் சைக்கிள் என்று தோன்றியது. பிறகு வேகத்தடை.

கோவளத்தில் மீன் விற்கும் பெண் என் காலைப் பார்த்துவிட்டாள். "இன்னா தாத்தா, கால்ல ஊறுகா போட்டுகினு வந்துகிற?" பக்கத்துக் கூடைக்காரி: "வஞ்சிரம் வாங்கிக்க தாத்தா. பழம்தான் உங்கால்லயே கீதே. புழிஞ்சிக்கினா ஆச்சு." தாஸ் சைக்கிளைப் பிடித்துக்கொண்டு சிரித்தார். சிரித்து முடித்ததும், "என்னவே சாமு, ரொம்ப வலிக்கோ?"

"சும்மா. சுகிர்தா திருப்திக்கு."

பொய். வீட்டுக்கு வந்து பழத்தைக் கழற்றினால் விரல் வெளுத்து ஊறிக் கிடக்கிறது. ஓரம் மட்டும் சிவப்பு.

ஆகஸ்ட் 16, சனி

மாலையில் தூறல். நகம் வெட்டும் நாள். போர்டிங் பள்ளியில் சனிக்கிழமை மாலை வார்டன் எங்களை வரிசையாக நிறுத்திக் கை கால் நகம் பார்ப்பார். மறுநாள் ஆராதனைக்குச் சுத்தமாகப் போக வேண்டும். ஓரத்தில் மூலை நீட்டிக்கொண்டிருந்தால் பிரம்பு. அன்று பழகியது. இரண்டு மூலைகளையும் உள்ளே வரை வளைத்து எடுத்துவிடுவேன். இன்றும் எடுத்தேன். கொஞ்சம் ரத்தம். வெட்டியதும் ஒரு நிம்மதி. எப்போதும் போல இரண்டு நாளைக்குத் தாங்கும்.

ஆகஸ்ட் 18, திங்கள்

தாங்கவில்லை. சுகிர்தா பிடிவாதம். சேலையூரில் ஒரு டாக்டர், சின்னப் பெண். விரலைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார்.

"யார் சார் இப்படி வெட்டுறது?"

"நான்தான்."

"எவ்ளோ வருஷமா?"

"பத்து வயசிலேர்ந்து. சனிக்கிழமை சனிக்கிழமை."

கட்டுப் போடும் நர்ஸ், "ஐயோ, சனிக்கிழமை நகம் வெட்டலாமா சார்? எங்க வீட்ல விடவே மாட்டாங்க." டாக்டர் அவரைப் பார்த்த பார்வை. பிறகு என்னிடம், "கிழமை எதுவா வேணா இருக்கட்டும். மூலையை வெட்டாதீங்க. வெட்டின இடம் முள்ளு மாதிரி உள்ள வளரும். நேரா விட்டிருந்தா இந்த நகம் உங்களை ஒண்ணுமே பண்ணியிருக்காது சார்."

அவர் சொன்னது: (1) இப்போது மாத்திரை; மிதித்தால் மறுபடி சீழ். (2) ஓரத்தை ஒரு கீற்று வேரோடு எடுத்து, திரும்ப வளராமல் மருந்து வைப்பது. மூன்று வாரம் ஷூவும் சைக்கிளும் கிடையாது. யோசித்துச் சொல்கிறேன் என்றேன். எல்லாரிடமும் எல்லாவற்றுக்கும் அதையே சொல்லியிருக்கிறேன்.

ஆட்டோவில் வரும்போது விரலிடம் மன்னிப்புக் கேட்க வேண்டும்போல் இருந்தது. வாழ்க்கையில் ஒரு வாரமும் தவறாமல் செய்த காரியம். அதுவே தப்பு.

ஆகஸ்ட் 19, செவ்வாய்

ராஜகீழ்ப்பாக்கம் டீக்கடை. தாஸிடம் சொல்லிவிடுவது என்று போனேன். அவர் முழங்கை நீளத்துக்கு ஒரு மெழுகுவர்த்தி வாங்கி வைத்திருந்தார், தாளில் சுற்றி. "உம்ம விரலுக்கும் சேத்து ஒண்ணு பொருத்திருவேன். உங்க சபையில மாதாவுக்கு மெழுகுவத்தி கெடையாது, தெரியும். ஆனா நகம் எல்லா சபையிலயும் வளருதுல்லா?" கடைக்காரரும் சிரித்தார். நானும். உதிரி டியூப் எந்த அளவு என்று கேட்டார். அதைப் பற்றி வெகுநேரம் பேசினேன். விரலைப் பற்றி இல்லை.

திரும்பும்போது சைக்கிளைத் தள்ளிக்கொண்டு நடந்தேன்.

ஆகஸ்ட் 20, புதன்

வெயில். தனியாகப் போய் அந்தக் கீற்றை எடுத்துக்கொண்டேன். முதலில் நகம், பிறகு தாஸ். கோழையின் வரிசை.

விரல் அடியில் ஊசி. அதுதான் வலி. பிறகு கால் என்னுடையது இல்லை. பச்சைத் துணிக்கு வெளியே யாருடைய பாதமோ மிதந்துகொண்டிருந்தது, கரையிலிருந்து கொஞ்சம் விலகிய தோணி. அதற்கு நடப்பதை ஆர்வமாகப் பார்த்தேன். எடுத்த கீற்று நெல் உமி அளவு. இதுவா?

நான் வீடு வருவதற்குள் சுகிர்தா தாஸுக்குப் போன் பண்ணிவிட்டாள். வந்தார். கட்டைப் பார்த்தார். உட்கார்ந்தார்.

"சரி. போகாண்டாம். ரெண்டு பேரும் போகாண்டாம்."

"இல்லை தாஸ். நீங்க போகணும். போன வருஷம் என்னால..."

"தனியாவா? வழியில பஞ்சர் ஆனா யாரு ஒட்டுவா? உம்ம எலுமிச்சம்பழமா?"

உண்மை. இத்தனை வருஷமாக அவர் டயரைக் கழற்றியதே இல்லை. நான் விட்டதில்லை. பொறுமையாகச் செய்வேன், அவர் பக்கத்தில் நின்று பாடுவார். அது எனக்குப் பிடித்தும் இருந்தது.

ஆகஸ்ட் 22, வெள்ளி

மழை. எங்கள் கூடத்தில் தாஸின் பின்சக்கரம். தலையணை மேல் என் கால். நான் சொல்லச் சொல்ல அவருக்குப் பஞ்சர் ஒட்டப் பயிற்சி. முதல் தடவை நெம்புகோலால் டியூபைக் கிள்ளி, இருந்த ஓட்டையை இரண்டாக்கினார். பிறகு பசை காயும்முன் ஒட்டை அழுத்தினார். நான் இரண்டு தடவை எழுந்திருக்கப் பார்த்தேன். இரண்டு தடவையும் சு. தோளைப் பிடித்து உட்காரவைத்தாள்.

பிலோமினா காபி குடித்துக்கொண்டே: "டிபன் பாக்ஸ் மூடி திறக்க என்னைக் கூப்பிடுற மனுஷன். இவரு பஞ்சர் ஒட்டப் போறாராம். மாதாவே, முதல்ல இதுக்கு ஒரு மெழுகுவத்தி."

கடைசியில் காற்றடித்து வாளித் தண்ணீரில் முக்கினார். குனிந்து, மூக்கு தண்ணீரில் படுகிற அளவுக்குப் பார்த்தார். நாங்கள் எல்லோரும் பார்த்தோம். "வரல. குமிழி வரலவே!"

போகிறேன் என்று அவர் சொல்லவில்லை. நான் கேட்கவில்லை. சக்கரத்தை மாட்டிக்கொண்டு மழை விட்டதும் போய்விட்டார்.

ஆகஸ்ட் 23, சனி

மாலை வந்ததும் கை தானாக மேஜை இழுப்பறைக்குப் போகிறது. இடது கால் மூலைகள் வளர்ந்திருக்கின்றன. ஒன்றும் செய்யக் கூடாது. ஒன்றும் செய்யாமலிருப்பது எவ்வளவு பெரிய வேலை. நகவெட்டியைச் சு.விடம் கொடுத்து ஒளித்து வைக்கச் சொன்னேன். "மத்த வீட்ல பாட்டிலை ஒளிச்சு வைக்கிறாங்க" என்றாள்.

ஆகஸ்ட் 25, திங்கள்

விடியலில் தெருவில் சைக்கிள் மணி. இறங்க வேண்டாம் என்று கீழேயிருந்து கை காட்டினார். பால்கனியில் ஒற்றைக் காலில் நின்றேன். மெழுகுவர்த்தி பின்கேரியரில், நெடுக்குவாட்டில். மிதித்துக் கிளம்பிவிட்டார். திரும்பிப் பார்த்தால் இறங்கிவிடுவார் என்று தெரியும். பார்க்கவில்லை. சந்தோஷப்பட வேண்டும். பட்டேனா?

மாலை பிலோமினா செய்தி: கல்பாக்கம் தாண்டித் தங்கல். டயர் நலம்.

ஆகஸ்ட் 26, செவ்வாய்

இங்கே வெயில். கட்டில், தலையணை மேல் கால், உச்சியில் மின்விசிறி. காலை டிபனுக்குப் பிறகு போன். தாஸ்தான். மரக்காணம் தாண்டி ஒரு டீக்கடை. காவி வேட்டி கட்டி வேளாங்கண்ணிக்கு நடக்கிறவர்கள் கூட்டம் கூட்டமாகப் போகிறார்களாம், பாதிப் பேர் செருப்பில்லாமல். எல்லோரும் யாருடனோ போகிறார்களாம்.

"சாமு, சோலி முடிஞ்சுது போலிருக்கு வே. பேச்சுத் துணைக்கு ஆளில்ல. இங்கனயே திரும்பிரட்டா? சொல்லும்."

வாங்க என்ற சொல் நாக்கில் இருந்தது. மினி லாரி, பாட்டு, இன்று சாயங்காலமே இந்த நாற்காலியில் அவர். டிசம்பர் வரை எத்தனையோ நாள். யோசித்துச் சொல்கிறேன் என்பதும் இருந்தது.

"போங்க தாஸ்."

சத்தமாக வந்துவிட்டது. சு. அடுக்களையிலிருந்து எட்டிப் பார்த்தாள்.

 "அதட்டுதீரோ?" என்றார். பிறகு ஒரு சின்னச் சிரிப்பு. வைத்துவிட்டார் என்று நினைத்தேன். வைக்கவில்லை. துணி உரசும் சத்தம், சட்டைப் பையில் போட்டிருக்கிறார். ஸ்டாண்ட் எடுக்கும் சத்தம். பெடல் ஒரு சுற்று, அப்புறம் செயின் ஓடுவது, நான் எண்ணெய் விட்ட செயின். காற்று. தொடர்பை வெட்ட மனமில்லை. காதோரம் வைத்துக் கண்ணை மூடிக்கொண்டேன். லாரி ஒன்று பெரிதாக வந்து சிறிதாகப் போனது. நடைக்காரர்கள் பாட்டு, நெருங்கி, பக்கத்தில், பின்னால். அவரும் சேர்ந்து பாடுகிறார், சுருதி இல்லாமல். சு. வந்து யார் என்று சைகையில் கேட்டாள். பேச வேண்டாம் என்று கை காட்டினேன். பாண்டிச்சேரி வரை அவர் பேட்டரி தாங்குமா தெரியவில்லை