பேனா மை கரைந்த நோட்டு

கோட்டுச்சேரி,
11ஆம் தேதி, புதன்கிழமை.

அன்புத் தங்கை அஞ்சுகத்துக்கு அக்கா சந்திரலேகா எழுதுவது. அக்கா நலமா என்று நீ கேட்க வேண்டும். கேட்கத்தான் போனை எடுக்க மாட்டேன் என்கிறாயே! பதினோரு நாளாக அடித்துப் பார்த்துவிட்டேன். அதனால்தான் கடிதம். திருப்பூரில் தபால்காரருக்கும் ஒளிந்துகொள்வாயா, பார்க்கிறேன்.

முதலில் நல்ல செய்தி. பை கிடைத்துவிட்டது.

எனக்காக வேண்டிக்கொண்டுதான் நீ செய்தாய், அது எனக்கும் தெரியும். நான் கீமோவுக்குக் கட்டிப்போகிற நீலப் புடவையைக் கட்டிக்கொண்டு திருநள்ளாறு நளன் குளத்தில் முழுகி, ஈரப் புடவையை ஆஸ்பத்திரிப் பைக்குள் திணித்து, பீடை இதோடு ஒழியட்டும் என்று பையோடு கரையில் விட்டுவிட்டு, திரும்பிப் பார்க்காமல் வந்தாய். பையின் பக்கத்து ஜிப்புக்குள் என் ஃபைலும் நோட்டும் இருந்தது உனக்கு எப்படித் தெரியும்? என்னைக் கொல்லவே வந்தியாடி என்று நான் கத்தியதும் சொல்லாமல் கொள்ளாமல் பஸ் ஏறிவிட்டாய்.

நீ போன கையோடு தாவூது அண்ணன் ஆட்டோவில் நானும் திருநள்ளாறு போனேன். நாலாவது கீமோ முடிந்து இரண்டே நாள். தலை சுற்றியது, சுற்றட்டும் என்று போனேன். தலைக்குத் துணி கட்டக்கூட மறந்துவிட்டேன். சனிக்கிழமைக் கூட்டம் உனக்குச் சொல்ல வேண்டியதில்லை. என் மொட்டைத் தலையைப் பார்த்துவிட்டு ஒரு பெரியவர், ஏழரைச் சனி நடக்குதாம்மா என்று கேட்டார். இல்லீங்க, மார்புல கேன்சர் நடக்குது, பாதி முடிஞ்சிருச்சு என்றேன். மனுஷர் அப்படியே நகர்ந்துவிட்டார்.

கரையில் விட்ட துணிகளை அள்ளுகிற குஞ்சம்மாதான் உதவினார். எல்லாரும் உட்டுட்டுப் போவாங்க, தேடிக்கிட்டு வந்த மொத ஆளு நீங்கதான் என்று சிரித்தார். இருவரும் ஈரத் துணிக் குவியலைக் கிளறி ஒரு மணி நேரத்தில் பையை எடுத்தோம். ரிப்போர்ட்டுகளை எல்லாம் பிளாஸ்டிக் உறையில் போட்டிருந்தேன், ஒன்றும் ஆகவில்லை. நோட்டுதான் ஊறிவிட்டது.

ஒன்று சொல்ல வேண்டும், சொல்ல வாய் வரவில்லை, எழுதிவிடுகிறேன். ஆஸ்பத்திரியிலிருந்து வீட்டுக்கு வந்ததும் ஃபைல் அலமாரிக்குப் போக வேண்டும் என்பது என் சட்டம். இந்தத் தடவை நான்தான் வைக்கவில்லை. வந்ததும் சுருண்டு படுத்துவிட்டேன். கொம்யூன் பஞ்சாயத்து ஆபீசில் பத்தொன்பது வருஷமாகப் பிறப்பு இறப்புப் பதிவேடு பார்க்கிறேன், ஒரு தாள் தொலைந்ததில்லை என்று பீற்றிக்கொள்கிறவள் நான். என் தப்பை ஒப்புக்கொள்ள முடியாமல் உன்மேல் பாய்ந்தேன். இந்த நோய் என் உடம்புக்குள் இஷ்டத்துக்கு ஆடுகிறது. என் அலமாரிக்குள்ளும் ஆட விடுவேனா என்று வீம்பு பிடித்துக்கொண்டிருந்தேன். இன்னும் பிடிப்பேன், அது வேறு விஷயம்.

இப்போது நோட்டுக்கு வருகிறேன். எந்த நாள் காய்ச்சல், எத்தனை வாந்தி என்று அதைப் பார்த்துக் கேட்டுத்தான் டாக்டர் மருந்தைக் கூட்டுவதும் குறைப்பதும். நான் மைப் பேனாவில் கோடு போட்டு எழுதியதெல்லாம் கரைந்துவிட்டது. என்னால் பேனா பிடிக்க முடியாத நாட்களில் நீ பால்பாயிண்டில் கிறுக்கியது மட்டும் அப்படியே நிற்கிறது. அன்றைக்கு அதற்கும் உன்னைத் திட்டினேன், நோட்டைக் கெடுக்காதே என்று.

அதை உட்கார்ந்து படித்தேன். ‘அக்கா ரெண்டு இட்லி சாப்டுச்சு. காய்ச்சல் நூறு.’ ‘வாந்தி மூணு. அத்தானை வஞ்சுச்சு, தெம்பா இருக்கு.’ ஒரு பக்கத்தில் மட்டும், ‘கொல்லையில நின்னு அழுதுச்சு. நான் பாத்தது அதுக்குத் தெரியாது.’

தெரியும்டி. நீ கதவுக்குப் பின்னால் நின்றது தெரிந்துதான் தைரியமாக அழுதேன்.

நீ போனபிறகு உன் அத்தானிடம் புது நோட்டு கொடுத்தேன். அவர் நெல் அறுப்பு மிஷினுக்கு அலைகிற அவசரத்தில் தினமும் ‘பரவாயில்லை’ என்று எழுதிவைக்கிறார். இதை வைத்து டாக்டர் என்ன வைத்தியம் பார்ப்பார், நீயே சொல். கரைந்துபோன நாட்களில் பாதி எனக்கு நினைவில்லை. உனக்கு இருக்கும்.

ஐந்தாவது கீமோ 19ஆம் தேதி வியாழன். புதுச்சேரிக்கு விடிகாலை நாலரை மணி பஸ். ஜன்னலோர இடம் எனக்கு, பக்கத்து இடம் உனக்கு. செவ்வாய்க்கிழமையே வந்துவிடு. அத்தானைக் கூட்டிப் போகக் கூடாதா என்று கேட்காதே, நீதான் வேண்டும். அதே மலிவு பால்பாயிண்ட் பேனா நாலு வாங்கி வா. இன்னும் நாலு தடவை இருக்கிறது, தடவைக்கு ஒன்று. நாலையும் தீர்த்துவிட்டுத்தான் நான் ஓய்வேன்.

குளத்தில் விட்டதைத்தான் திரும்பிப் பார்க்கக் கூடாது அஞ்சுகம். என்னைப் பார்க்க வா. பிள்ளைகளோடு நீ நூறு வருஷம் நன்றாக இருக்க வேண்டும்.

உன் அக்கா,
சந்திரலேகா