அப்பாவின் பெருவிரலில் ஒரு பூக்குழி

1978 ஏப்ரல் 9, ஞாயிறு

அப்பாவுக்கு இன்று கோயிலில் காப்புக் கட்டினார்கள். அக்கா பிரசவத்தில் பிழைத்ததற்காகத் தீ மிதிக்கிற நேர்த்திக்கடன். இரண்டு வாரத்துக்குக் கவிச்சி இல்லை, ஒரு வேளைச் சோறு, தேயிலைத் தோட்டத்து எல்லையைத் தாண்டக்கூடாது. அப்பா கங்காணி ஆயிற்றே, சாமிக்கும் ஓவர்டைம் பார்ப்பவர்: பொழுது சாயும்வரை பச்சைத்தண்ணியும் கிடையாதாம். "சாமியே தேத்தண்ணி குடிக்கிற ஊருப்பா இது" என்றேன். கரண்டி பறந்து வந்தது. குனிந்துவிட்டேன்.

ஏப்ரல் 13

அப்பாவின் கோபம் மட்டும் விரதம் இருக்கவில்லை.

ஏப்ரல் 16, ஞாயிறு

காலையில் அவருடைய வலது கால் பெருவிரல் வீங்கிச் சிவந்து கிடந்தது. கம்பளி பட்டாலே துடிக்கிறார். இந்த மலைக் குளிரில் ஆள் முழுக்கக் கம்பளிக்குள், ஒரு கால் மட்டும் வெளியே காவல். கோலா தெர்லா காய்கறி லோரியில் அந்த விரலை ஏற்றினால் முதல் தரத் தக்காளி என்று வாங்கிக்கொள்வார்கள். அவரிடமே சொன்னேன். திட்டக்கூட இல்லை. அப்போதுதான் பயம் வந்தது.

ஏப்ரல் 17

கோயில் தலைவர் மாடசாமி மாமா வாசலில் நின்றபடியே சொல்லிவிட்டுப் போனார்: "கங்காணி கள்ளத்தனமா கோழி தின்னிருப்பாரு லா. அதான் ஆத்தா முன்கூட்டியே கால்ல நெருப்ப வச்சிட்டா."

மத்தியானத்துக்குள் எங்கள் லைன் வீடுகளில் கோழி ஆடாகிவிட்டது. சாயங்காலம் காட்டுப்பன்றி. இன்னும் இரண்டு நாள் படுத்திருந்தால் அப்பா யானையே தின்றிருப்பார்.

அவர் சுவர்ப் பக்கம் திரும்பிப் படுத்துவிட்டார். என்னத்த தின்னாரு அவரு? அந்த ஒரு வேளைச் சோத்தையும் பாதி வச்சிட்டு எந்திரிச்சாரு, நான் பாத்தேன்ல. வாயக் கட்டுனவருக்கா இந்தப் பேரு?

ஏப்ரல் 18, செவ்வாய்

வாரம் ஒருமுறை தோட்டத்து டிஸ்பென்சரிக்கு வரும் டாக்டர் ஹரோல்டை வீட்டுக்கு அழைத்து வந்தேன். விரலைப் பார்த்ததும் "கவுட். துரைமார் வியாதிம்பாங்க" என்றார். அப்பாவுக்குத் துரை பதவி கிடைத்துவிட்டது, விரலுக்கு மட்டும்.

ரத்தத்தில் ஓர் உப்பு கூடி, மூட்டில் ஊசி ஊசியாக உறைகிறதாம். வெள்ளை அணுக்கள் ஓடி வந்து ஊசியை விழுங்குமாம். செரிக்காமல் வெடித்துச் சாகுமாம். சாகும்போது உள்ளே இருப்பதைக் கொட்டி இன்னும் பத்துப் பேரைக் கூப்பிடுமாம். அந்தக் கூட்டம்தான் வீக்கம், அதுதான் நெருப்பு.

"எங்க லைனேதான் டாக்டர்" என்றேன். "ஒருத்தரு விழுங்கிட்டு வெடிப்பாரு, மத்தவங்க ஓடியாருவாங்க."

சிரித்தார். அப்பாவின் விரதத்தைக் கேட்டதும் சிரிப்பு நின்றது. "பட்டினிதான் கிளப்பி விட்டிருக்கு கங்காணி. தண்ணி குடிக்கலேன்னா அந்த உப்பு எப்படி வெளிய போகும்?"

மாத்திரை தந்தார். நிறையத் தண்ணீர் குடிக்க வேண்டும், நடக்கக் கூடாது.

அப்பா விரதத்தை மீறவில்லை. கொஞ்சம் மீறியிருந்தால் கால் பிழைத்திருக்கும்.

ஏப்ரல் 19

மாத்திரையைத் தொடவில்லை, தண்ணீரையும். "இப்பக் குடிச்சா மாடசாமி சொன்னது நெசம்னு ஆயிரும்" என்கிறார். எப்படியும் ஞாயிற்றுக்கிழமை பூக்குழியில் இறங்குவாராம். நிற்க முடியாத ஆள். நடுக்குழியில் விழுந்தால்?

டாக்டர் சொன்னதை நானும் விழுங்கிப் பார்த்தேன். செரிக்கவில்லை. லைனே தண்ணி பிடிக்கிற பைப்படியில் போய், பட்டினிதான் அப்பா காலைக் கெடுத்தது என்று வெடித்துவிட்டேன். எல்லோரும் ஓடி வந்தார்கள். மாடசாமி மாமாவும் வாளியோடு நின்றார்.

ஏப்ரல் 21

இன்று கிண்டல் வரவில்லை. "ஒங்களுக்கு ஆத்தாகிட்ட பயமா, மாடசாமி மாமாகிட்ட பயமாப்பா?" என்று மட்டும் கேட்டேன். கையிலிருந்த காப்பைத் திருகிக்கொண்டே இருந்தார். பிறகு, "பூசாரிய வரச் சொல்லு" என்றார்.

ஏப்ரல் 22

பூசாரி அப்பாவின் காப்பை அவிழ்த்தார். "அடுத்த வருசம் எறங்கு கருப்பையா. ஆத்தா எங்கயும் போயிட மாட்டா."

ஏப்ரல் 23, ஞாயிறு

பொழுது சாயும் முன்பே அப்பாவை நாற்காலியோடு தூக்கிப் போய்க் குழி ஓரத்தில் வைத்தோம். மாடசாமி மாமா நெருப்பில் இறங்கி, கரையேறி, எங்களுக்கு நேராக வந்து நின்றார். லைன் மொத்தமும் அப்பாவையும் அவரையும் மாறி மாறிப் பார்த்தது.

"தண்ணி கொண்டா புள்ள" என்றார் அப்பா, எல்லோருக்கும் கேட்கும்படி.

மாத்திரையைப் போட்டுக்கொண்டு, சொம்பை அண்ணாந்து முழுக்கக் குடித்துவிட்டு என்னிடம் தந்தார்.

மாடசாமி மாமா வெறும் சொம்பை என் கையிலிருந்து வாங்கினார். பைப்படிக்குப் போய் நிரப்பிக்கொண்டு வந்து அப்பாவிடம் நீட்டினார்.