கேட்டில் கட்டிய கயிறு

அண்ணாச்சி,

இன்று காலை பால்வாடி அலமாரியிலிருந்து உங்கள் கயிற்றை எடுத்தேன். இத்தனை வருஷம் கழித்தும் அதில் உப்பு வாடை போகவில்லை. மூக்கருகே வைத்து மோந்து பார்த்தேன்.

வாசலில் புதுக் கேட் போட்டிருக்கிறார்கள். பெற்றோர் இனி பிள்ளையைக் கேட்டிலேயே விட்டுவிட்டுப் போய்விட வேண்டுமாம், உள்ளே வந்தால் வகுப்பு கெடுகிறதாம். நேற்று நிர்வாகத்தில் கூப்பிட்டுச் சொன்னார்கள். அப்போதிருந்து எனக்குச் சோறு இறங்கவில்லை. உங்களைத்தான் நினைத்துக்கொண்டேன்.

கேட்டே இல்லாத காலத்தில்கூட வெளியே நின்றவர் நீங்கள். சங்கு குளிக்கப் போகிற மனிதர், கச்சான் காற்று பலமாக அடித்துக் கடலுக்குப் போக முடியாத நாட்களில் மட்டும் மகள் அமலியைக் கூட்டி வருவீர்கள். உள்ளே வாருங்கள் என்றால், "இங்கனயே நிக்கேன் டீச்சர். பள்ளிக்கூடத்துக்குள்ள எனக்கு என்ன சோலி?" என்பீர்கள்.

அமலி அப்போது என்னிடம் ஒரு வார்த்தை பேசியதில்லை. வீட்டில் வாய் ஓயாது என்று அவள் அம்மா சத்தியம் செய்வாள். இங்கே சுவரோரம் உட்கார்ந்து என் சேலை முந்தானையைப் பிடித்து இழுப்பாள், அவ்வளவுதான். பேசாத பிள்ளையை ஒன்றாம் வகுப்பில் சேர்க்க மாட்டோம் என்று பக்கத்துப் பள்ளியில் கையை விரித்துவிட்டார்கள். நீங்களோ அவளை நிறுத்திவிடும் யோசனையில் இருந்தீர்கள்.

"வீட்டுல பேசுதால்லா, அது போதும். புள்ளைய ஏன் போட்டு வதைக்கணும்?"

"நிறுத்துறதா இருந்தா உள்ள வந்து ஒரு நாள் உக்காந்து பாத்துட்டு நிறுத்துங்க," என்றேன். எனக்கும் வாய் கொஞ்சம் நீளம்தான், உங்களுக்குத் தெரியாததா? செருப்பைக் கழற்றிவிட்டு, தலையைக் குனிந்துகொண்டு வந்து உட்கார்ந்தீர்கள்.

அன்றைக்கும் அமலி என் முந்தானையை இழுத்தாள். ஒன்று, இரண்டு. நீங்கள் சிரித்துவிட்டீர்கள்.

"டீச்சர், அவ உங்கட்ட பேசுதா."

கடலுக்கடியில் வாயைத் திறக்க முடியாது, எல்லாம் கயிற்றில்தான் என்று சொன்னீர்கள். ஒரு இழுப்பு என்றால் சுகமாக இருக்கிறேன். இரண்டு இழுப்பு என்றால் மேலே தூக்கு. வீட்டில் போர்வைக்குள் புகுந்துகொண்டு அப்பாவும் மகளும் விளையாடும் விளையாட்டாம் அது. பிள்ளை அத்தனை நாளும் என்னைத் தூக்கச் சொல்லிக்கொண்டிருந்திருக்கிறாள்.

"கயிறு இருந்தா நாளைக்குக் கொண்டு வாங்க," என்றேன். ஒரு முனையை ஜன்னலோரம் நீங்கள் பிடித்தீர்கள், மறுமுனையில் என் மடியில் அமலி. ஒவ்வொரு இழுப்புக்கும் எதிர்முனையில் இருப்பவர் ஒரு சொல் சொல்ல வேண்டும் என்பது நான் போட்ட சட்டம். அவள் இழுத்தாள், நீங்கள் சொன்னீர்கள். மறுநாள் உங்களை வாசற்படிக்குத் தள்ளினேன். பிறகு வெளியே, வேப்பமரத்தடிக்கு. வீட்டில் அவள் அம்மா இதையே செய்தாள். காலையில் வந்ததும் வீட்டில் என்ன பேசினாள் என்று நான் கேட்பேன். மத்தியானம் இங்கே கயிற்றில் என்ன பேசினாள் என்று நீங்கள் கேட்பீர்கள்.

காற்று தணிந்து கடலுக்குப் போகுமுன் கயிற்றில் நீங்கள் பிடித்திருந்த முனையை என் கையில் தந்தீர்கள். "மேல நிக்கவன் கவனம் பிசகினா கீழ போனவன் கதி அவ்வளவுதான். பிடிச்சுக்கோங்க டீச்சர்."

அந்த வாரமே அமலி வாயைத் திறந்தாள். "தூக்குங்க டீச்சர்." தூக்கினேன். தூக்கிக்கொண்டு தெரு முழுக்க நடந்தேன், பார்த்தவர்கள் எனக்குக் கிறுக்குப் பிடித்துவிட்டது என்றிருப்பார்கள்.

அவள் இப்போது நர்சிங் படிக்கிறாள். உங்கள் அடக்கத்தன்று கல்லறைத் தோட்டத்தில் யாரோடும் பேசாமல் நின்றாள், அழவும் இல்லை. என் பக்கத்தில் வந்தாள். முந்தானை இழுபட்டது. ஒன்று, இரண்டு. அவளைக் கட்டிப் பிடித்துக்கொண்டேன். நானும் அழுதேன் அண்ணாச்சி, வெட்கமில்லாமல் அழுதேன்.

போன வாரம் ஒரு பையன் புதிதாகச் சேர்ந்திருக்கிறான். வந்ததிலிருந்து மேசைக்கடியில்தான் இருக்கிறான். அவன் அம்மா உப்பளத்தில் வேலை செய்கிறவள். இன்று காலை, காலில் உப்பு ஒட்டியிருக்க, கேட்டுக்கு வெளியே தயங்கி நின்றாள்.

"உள்ள வரக்கூடாதாமே டீச்சர்?"

"யாரு சொன்னா? ஏளா, உள்ள வா," என்றேன். அவள் வந்து, குனிந்து, மகனோடு மேசைக்கடியில் உட்கார்ந்தாள்.

அவள் வருவதற்கு முன்பே கேட்டை விரியத் திறந்து, உங்கள் கயிற்றால் வேப்பமரத்தோடு சேர்த்துக் கட்டிவிட்டேன். பிள்ளைகளைக் கொண்டுவிட வருகிற நேரம் முழுக்க இனி தினமும் கட்டுவேன். நாளைக்கு நிர்வாகத்திலிருந்து ஆள் வரும், வரட்டும். நீங்கள் சொல்லித்தந்த முடிச்சைத்தான் போட்டிருக்கிறேன். இழுக்க இழுக்க இறுகும்.