வெள்ளைக் குப்பி

நிலைய நாள் 508. 06:10
இடம்: சீரஸ் குறுங்கோள், பனிக்குழி மூன்று. பணியாள் ஒருவர். பெயர் அருமைநாயகம். ஊர் தூத்துக்குடி. படிப்பு ஐ.டி.ஐ. பிட்டர், அதுவும் இரண்டாவது முயற்சியில்.

பனி உருக்கும் உலை சரி. காற்றழுத்தம் சரி. இரண்டாம் பம்ப் வழக்கம்போல இடக்கு. எனக்குப் பிறகு வருகிறவர் கவனத்துக்கு: பம்ப் நின்றால் பதற வேண்டாம். மஞ்சள் வால்வைக் கால் சுற்று மூடி, பம்பின் கழுத்தில் ஸ்பேனரால் மூன்று தட்டு, பிறகு வால்வைத் திறக்கணும். மூடாமல் தட்டினால் குழாய் பிய்ந்துகொண்டு போகும். இது கையேட்டில் இல்லை. இடுப்பு வரை நனைந்து நானே கற்றுக்கொண்டது.

உடல்நிலை: நாலு மாதமாக வெள்ளைக் குப்பி. தீ ஆபத்து என்பதால் இங்கே சிகரெட் கூடாது. குப்பி மாட்டி ஆவியாக ஊதுகிற வேப் ஒன்றைக் கம்பெனியே கொடுத்திருக்கிறது. சிவப்பு, மஞ்சள், பச்சை, வெள்ளை என்று நிகோடின் படிப்படியாக இறங்கும். வெள்ளை என்றால் சைபர். முப்பத்தோரு வருஷம் சிகரெட் பிடித்தவன் நான். லெந்து நோன்பு நாட்கள் முழுக்க விட்டுவிட்டு, ஈஸ்டர் ஆராதனை முடிந்ததும் சர்ச் காம்பவுண்டுக்கு வெளியே முதல் ஆளாகப் பத்தவைக்கிற பரிசுத்தவான். நானே சைபருக்கு வந்துவிட்டேன் என்றால் யாரும் வரலாம்.

நாளை பூமியிலிருந்து, தானாக ஓடுகிற வண்டி வருகிறது. மாற்று ஆள் இறங்குவார், நான் ஏறுவேன். எட்டு மாத உறக்கம், பிறகு ஊர், பிறகு மகள் பியூலாவின் கல்யாணம்.

நிலைய நாள் 509. 14:30
வண்டி வந்தது. மாற்று ஆள் வரவில்லை. உள்ளே வெள்ளைக் குப்பிப் பெட்டிகள் மட்டும். ஏதோ குளறுபடி என்று நினைத்துக்கொண்டேன். நல்ல மனசு எனக்கு, மூளை மட்டும் கொஞ்சம் தாமதமாக வரும்.

நிலைய நாள் 512. 09:00
வண்டியில் உள்ள உறக்கப் பெட்டியின் கதவு விரலில் குத்தி ரத்தம் பார்க்கும். ரத்தத்தில் நிகோடின் தடம் இருந்தால் உறக்கத்தில் இதயம் நின்றுவிடும் என்பதால் கதவு திறக்காது. முன்பு ஒருவர் அப்படிச் செத்த பிறகு, யார் சொன்னாலும் திறக்காத மாதிரி செய்துவிட்டார்கள்.

கதவில் செருகிய சோதனைத் தாள் நீலமானது; நீலம் என்றால் நிகோடின். மறுபடி குத்தினேன். நீலம். பத்து விரலையும் குத்தினேன். கால் விரலையும் யோசித்தேன்.

நேரம் வந்ததும் வண்டி காலியாகப் புறப்பட்டது. அது யாருக்காகவும் நிற்காது.

பூமியிலிருந்து ஒலிச்செய்தி, மேனேஜர் இளங்கீரன்:
"அருமை, ரொம்ப வருத்தமா இருக்கு. முப்பது வருஷப் பழக்கம், பழைய சிவப்புக் குப்பிய ஒளிச்சு வச்சு ஊதியிருப்பீங்க. புரியுது. மன உறுதி வேணும், அருமை. ஒப்பந்தம் தானாவே நீளும். அடுத்த வண்டி ஒன்றரை வருஷத்துல."

ஒளித்து வைக்கவில்லை. வைத்திருந்தால் எங்கே வைத்தேன் என்று எனக்கே தெரிந்திருக்காது.

நிலைய நாள் 513. 20:15
ஒலிச்செய்தி, பியூலா:
"யப்பா, ஆபீஸ்ல சொன்னாங்க. ஏம்ப்பா இப்படிப் பண்ணுனீங்க? நான் சின்னப் பிள்ளையில ஒங்க பாக்கெட்ட எடுத்து தண்ணிக்குள்ள போட்டப்போ, அடுப்பு மேல காயவச்சுக் குடிச்சீங்கல்லா, அந்த மனுசந்தானே நீங்க. கல்யாணத்த தள்ளி வச்சாச்சு. நீங்க கையப் புடிச்சுக் கூட்டிட்டுப் போகாம நான் சர்ச்சுக்குள்ள கால் வைக்க மாட்டேன். ஆனா ஒரு தடவதான் தள்ளுவேன், சொல்லிட்டேன்."

நான் ஊதவில்லை என்றால் நம்புவாளா? அடுப்பில் காயவைத்தவன் பேச்சை யார் நம்புவார்?

நிலைய நாள் 530. 11:40
ஒரு வெள்ளைக் குப்பி கை தவறி மேசையில் உடைந்தது. துணி எடுக்க எழுந்திருக்கச் சோம்பேறித்தனம். பக்கத்தில் கிடந்த சோதனைத் தாளைப் போட்டுத் துடைத்தேன்.

தாள் நீலமானது.

நிலைய நாள் 530. 13:05
எல்லாப் பெட்டியிலும் ஒவ்வொரு குப்பி உடைத்துப் பார்த்தேன். எல்லாம் நீலம். காலியான சிவப்புக் குப்பியின் அடியைத் தடவினாலும் அதே கருநீலம். நாலு மாதமாகச் சைபர் என்று நம்பிச் சிவப்பை ஊதியிருக்கிறேன். அது கிடைக்காத நேரத்தில் சுவரைக் கடிக்கத் தோன்றியபோதாவது எனக்கு உறைத்திருக்கணும்.

மேனேஜருக்குச் செய்தி அனுப்பினேன். மரியாதையாகத்தான்.

நிலைய நாள் 531. 08:20
பதில்:
"ஆய்வகத்துல கேட்டுட்டேன் அருமை. வெள்ளை வெள்ளைதான். தாள் பழசாயிருக்கும். வீணா மனசைப் போட்டுக் குழப்பிக்காதீங்க. மாத்து ஆள் கிடைக்கிற வரைக்கும் அதையே தைரியமா ஊதுங்க."

மாத்து ஆள் கிடைக்கிற வரைக்கும்.

அவர் வாயிலிருந்து தானாக விழுந்துவிட்டது. இந்தப் பனிக்குழிக்கு வர ஒருத்தனும் சம்மதிக்கவில்லை. இருக்கிறவனைக் கட்டிப்போடணும். கயிறு எதற்கு, அவனே ஆசையாக வாயில் வைத்து உறிஞ்சுகிறானே. வண்டியில் ஆள் வராததும் அதனால்தான். நான் தோற்பேன் என்று எனக்கு முன்பே அவருக்குத் தெரியும்.

நிலைய நாள் 702. 07:00
உலை சரி. பம்ப் இடக்கு, தட்டினேன்.

உண்மையை எழுதுகிறேன். தெரிந்த பிறகும் ஊதிக்கொண்டுதான் இருக்கிறேன். ஐந்து தடவை விட்டேன். ஒரு தடவை எல்லாக் குப்பிகளையும் பனிக்குழிக்குள் எறிந்துவிட்டு, விளக்கைக் கட்டிக்கொண்டு நானே இறங்கிப் பொறுக்கினேன். பியூலாவை நினைத்தால் அழுகை வருகிறது, அழுதால் ஊதத் தோன்றுகிறது. பாசம் எனக்கு உதவவில்லை.

நிலைய நாள் 1036. 10:00
அறிவிப்பு: அடுத்த வண்டியில் மேனேஜர் வருகிறார். பதவி உயர்வுக்கு ஒரு தடவையாவது களப்பணி இருக்கணுமாம். இரண்டு வாரம் தங்கி, அதே வண்டியில் திரும்புவார். வண்டியில் உறக்கப் பெட்டி ஒன்றுதான்.

எனக்கான இடத்தில் அவர். தன் பெயரை முன்கூட்டியே போட்டுவிட்டார்.

நிலைய நாள் 1040. 16:20
வந்து சேர்ந்தார். சளி காய்ச்சலோடு உறக்கப் பெட்டிக்குள் போகக் கூடாது என்பதால், வந்தவர் தனியறையில்தான் இருக்கணும். தனிக் கதவு, தனிக் காற்று. என்னோடு பேச்செல்லாம் ஒலிபெருக்கியில். இத்தனை கோடி கிலோமீட்டர் வந்து, பனிக்குழியை டிவியில் பார்க்கிறார்.

உள்தொடர்பு:
"அருமை, எப்படி இளைச்சுட்டீங்க. கதவுக்கிட்ட ஒரு பெட்டி வச்சிருக்கேன் பாருங்க, நானே கைப்பட எடுத்துட்டு வந்தேன்."
"என்னது சார்?"
"வெள்ளைதான். தைரியமா ஊதுங்க."
"ரொம்பச் சந்தோசம் சார். வீட்டுக்காரங்க எல்லாம் சொகந்தானா?"

பெட்டியைத் திறந்தேன். தாள் போட்டேன். கருநீலம்.

சிரித்தேன். வெகு நாளைக்குப் பிறகு நல்ல சிரிப்பு.

நிலைய நாள் 1040. 18:00
தனியறைக் காற்றில் ஈரம் சேர்க்கிற பெட்டி என் பக்கம் இருக்கிறது. தண்ணீர் ஊற்றுவது என் வேலை. அவர் கொண்டுவந்ததையே அவருக்கு ஊற்றினேன். ஆளைக் கொல்கிற அளவெல்லாம் இல்லை. வெள்ளை வெள்ளைதானே, ஆய்வகமே சொல்லியிருக்கிறது.

இன்னொன்று புரிந்தது. வண்டி காலியாகப் போகக் கூடாது. கதவு எனக்குத் திறக்கணும் என்றால், இன்றோடு எனக்கும் ஒன்றும் கிடையாது. வேப்பைச் சம்மட்டியால் அடித்துத் தூளாக்கினேன்.

நிலைய நாள் 1041. 07:15
அளவு கூடிவிட்டது. தனியறையில் மூட்டம். புகை மணி அடித்துத் தீர்த்துவிட்டது.

"அருமை! என்னய்யா இது, தீயா?"
"புட்டு அவிச்சேன் சார். ஆவி குழாய்க்குள்ள போயிருச்சு."
"எனக்குக் கொஞ்சம் வச்சிருக்கீங்களா?"

இல்லாத புட்டை அவித்து அனுப்பினேன். அளவைப் பாதியாகக் குறைத்தேன்.

நிலைய நாள் 1044. 12:30
"இங்க காத்துல ஏதோ லேசா இனிப்பு வாசனை, அருமை."
"புது பில்டர் சார்."
"நல்லாத்தான் இருக்கு. தூக்கம்தான் கொறைஞ்சிருக்கு. ஆனா என்ன சுறுசுறுப்பு. நீங்க எல்லாம் எப்படி இங்க சோர்ந்து போறீங்கன்னு புரியல."

நிகோடின் இல்லாத நாலாம் நாள், நான் போர்வைக்குள் சுருண்டு கிடந்து இதைக் கேட்டேன். ஸ்பேனர் கையில் நிற்கவில்லை. பம்ப் நின்றது, ஸ்பேனரைக் கையோடு துணியால் கட்டித்தான் தட்டினேன். உலை சரி என்று நினைக்கிறேன்.

நிலைய நாள் 1047. நேரம் பார்க்கவில்லை
தனியறைக்குப் போகிற ஆவிக் குழாயில் ஒரு இணைப்பு ஒழுகுகிறது. கொஞ்சம்தான். முட்டி போட்டேன். மூக்கை வைக்கப் போனேன். சர்ச்சில்கூட இவ்வளவு பயபக்தியாக முட்டி போட்டதில்லை.

ஒலிபெருக்கியில் அவர் குளியலறையில் பாடுவது கேட்டது. ஊருக்குப் போகிற குஷி. என் இடத்தில் படுத்து, என் எட்டு மாதத் தூக்கத்தைத் தூங்கி, இறங்கி, பதவி உயர்வு. அங்கே என் மகள் வேறொருத்தர் கையைப் பிடித்து நடப்பாள்.

எழுந்தேன். டேப் எடுத்து இணைப்பைச் சுற்றினேன். ஒரு சுருள் முழுக்கச் சுற்றினேன். மேலே சாக்ஸைக் கட்டினேன்.

பழி வாங்கணும் என்று சிகரெட்டை விட்டவன் உலகத்தில் நான் ஒருத்தனாகத்தான் இருப்பேன். லெந்தில் முடியாதது. மனைவி செத்தபோது முடியாதது.

நிலைய நாள் 1051. 14:10
சோதனைத் தாள், என் ரத்தம்: நிறம் மாறவில்லை. மூன்று தடவை பார்த்தேன்.

ஒரு பரீட்சைக்காகக் காலையில் வெறும் தண்ணீர் மட்டும் ஊற்றிப் பார்த்தேன். மதியத்துக்குள்:
"அருமை, இன்னைக்குக் காத்து என்னமோ மாதிரி இருக்கு. தலை வலிக்குது. அந்த பில்டரை மாத்திட்டீங்களா? பழையதையே போடுங்கய்யா. எத்தனை தடவை சொல்றது?"
"இதோ போடுறேன் சார்."

போட்டேன். அரைமணி நேரத்தில் பாட்டுக் கேட்டது.

நிலைய நாள் 1053. 21:00
ஒலிச்செய்தி, பியூலா:
"யப்பா, இந்த வண்டியிலயும் நீங்க இல்ல, மேனேஜர்தான் வாறாருன்னு சொல்லிட்டாங்க. சின்ன மாமாகிட்ட கேட்டிருக்கேன், கையப் புடிச்சுக் கூட்டிட்டுப் போவாரு. நீங்க ஒண்ணும் வெசனப்படாதீங்க. நல்லாச் சாப்புடுங்க."

பதில் அனுப்பினேன்: "மாமாவ சும்மா இருக்கச் சொல்லு. செருப்பு மட்டும் எனக்கு ஒண்ணு வாங்கி வையி."

நிலைய நாள் 1054. 08:50
மேனேஜர் தன் தனிக் கதவு வழியாக வந்து உறக்கப் பெட்டிக் கதவுக்கு முன்னால் நின்றார், பேச்சு ஒலிபெருக்கியில்தான். விரலை நீட்டினார். நீலம்.

"அருமை, இந்த மெஷின்ல கோளாறு. நான் வாழ்க்கையில சிகரெட்டைத் தொட்டதே கிடையாது."
"மறுபடி குத்திப் பாருங்க சார். பத்து வெரல் இருக்குல்லா."
"எல்லாத்துலயும் நீலம் வருதுய்யா. நீ கதவைத் தொற. மேலதிகாரி சொல்றேன்."
"அது யாரு சொன்னாலும் தொறக்காது சார். அப்படித்தானே நமக்கும் சொன்னாங்க."
அவர் காற்றை மோந்து பார்ப்பது ஒலிபெருக்கியில் கேட்டது.
"அந்த வாசனை. என்ன பண்ணுன நீ?"
"வெள்ளைதான் சார், நீங்க கொண்டுவந்தது. தாள் பழசாயிருக்கும். மன உறுதி வேணும்."

கெட்ட வார்த்தையில் திட்டினார். என் அம்மாவைச் சொன்னார். பிறகு அழுதார். பிள்ளைகள் பெயரைச் சொன்னார். என் மகள் பெயர் தெரியுமா என்று கேட்டேன். தெரியவில்லை.

கதவடியிலிருந்து நகர மாட்டேன் என்றார். அவர் நிற்கிற பக்கத்துக் காற்றை ஒரு நிமிஷம் நிறுத்தப்போவதாகச் சொன்னேன். சும்மாதான் சொன்னேன் என்று நினைக்கிறேன். தனியறைக்குள் நகர்ந்தார். அவர் பக்கத்துக் கதவைப் பூட்டினேன். வண்டி போனதும் தானாகத் திறக்கும்.

நிலைய நாள் 1054. 09:40
என் விரல். நிறம் மாறவில்லை. கதவு திறந்தது. அந்தச் சத்தத்தை இன்னொரு தடவை கேட்கணும் போல இருந்தது.

நிலைய நாள் 1054. 09:55. உறக்கப் பெட்டிக்குள்ளிருந்து
ஊசி ஏறிவிட்டது. சீக்கிரம் எழுதணும்.

நிலையக் கணினியில் இதை யார் படிப்பார்களோ என்று இத்தனை நாள் எழுதினேன். இப்போது தெரிகிறது. மேனேஜர் சார், நீங்கதான்.

சாப்பாடு ஒரு ஆளுக்கு ஒன்றரை வருஷத்துக்கு இருக்கு. அடுத்த வண்டி வரை. நீங்க ஆபீசுக்கு எது வேணும்னாலும் சொல்லுங்க. உங்க ரத்தம் நீலம்னு வண்டியே தகவல் அனுப்பிருச்சு. ஒளிச்சு வச்சு ஊதியிருப்பீங்கன்னுதான் சொல்வாங்க. புரிஞ்சுக்குவாங்க.

இரண்டாம் பம்ப் இன்னிக்கோ நாளைக்கோ நிக்கும். என்ன செய்யணும்னு எழுதியிருக்கேன். எந்தப் பக்கம்னு சொல்ல மாட்டேன். என் மகள் சொன்னது, நீங்க சொன்னது, எல்லாத்தையும் படிச்சுட்டு வாங்க, கெடைக்கும்.

கை தானாச் சட்டைப் பையத் தட்டுது சார். காலி. இப்பவும் வேணும்னுதான் இருக்கு. உங்களுக்கும் இருக்கும், இன்னும் ரெண்டு மணி நேரத்துல. தண்ணிதான் ஊத்தியிருக்கேன் ஈரப் பெட்டியில.

தலை சுத்துற மாதிரி இருந்தா, என் அறையில வலது பக்க டிராயரு. பாதிப் பெட்டி மிச்சம் வச்சிருக்கேன். வேப் தான் இல்ல, ஒடச்சிட்டேன், நீங்களா ஏதாச்சும் பண்ணிக்கிடுங்க. எல்லாம் வெள்ளைதான் சார். தைரியமா